பனியின் மேல் பழி போடாதீர்கள்

ஐயா,

ஏற்காட்டு மூடுபனியில் கைப்பேசி சிக்னல் கரைந்துபோவதாகத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இங்கே சிறு காப்பித் தோட்டம் வைத்திருப்பவன் நான். பனிக்காக வாதாட வேண்டியிருக்கிறது.

மூடுபனித் துளியின் அளவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐம்பதில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளம் அதைவிடவும் பல மடங்கு சிறியது. அதனால் ஒளி துளிகளில் பட்டுச் சிதறி, எதிரே வரும் பஸ்கூடத் தெரியாமல் போகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் கைப்பேசி அலையின் நீளமோ சுமார் 33 சென்டிமீட்டர், ஓர் அடிக்கும் மேல். அதற்கு இந்தத் துளி ஒரு பொருட்டே அல்ல. மழையில் டிடிஎச் படம் உடைவதைக் கட்டுரையாளர் சான்று காட்டுகிறார். அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், மழைத்துளியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர். தண்ணீரும் அந்த அலையை நன்றாகவே உறிஞ்சும்.

என் வீட்டிலும் பல மாதம் பனிதான் பழி சுமந்தது. அப்பா காலத்து ஓட்டைப் பிரித்துத் தகரக் கூரை போட்டிருந்தேன். மார்கழியில் வீட்டுக்குள் பேச்சு விட்டுவிட்டு வந்தது. சித்திரை வெயிலிலும் அப்படியே என்றபோதுதான் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். சுட்ட மண் ஓடு அலையைப் பெரும்பாலும் உள்ளே விடும். உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலக்ட்ரான்கள் அலையோடு சேர்ந்து ஆடி, அதை வந்த வழியே திருப்பிவிடுகின்றன. சோதித்துப் பார்க்க, சேலத்தில் வாங்கிய எவர்சில்வர் தூக்குப்போசிக்குள் கைப்பேசியை வைத்து மூடினேன். பேத்தி அழைத்தாள், மணி அடித்துவிட்டது! எனக்கு அவமானம். மூடி சரியாகப் பொருந்தாமல் இடுக்கு வழியே அலை நுழைந்திருக்கிறது. அலுமினியத் தாளை இறுக்கிச் சுற்றியதும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது.

மலைப்பாதையில் சிக்னல் போவதற்குக் காரணம் இருபது கொண்டை ஊசி வளைவுகள். திரும்பத் திரும்ப, டவருக்கும் நமக்கும் நடுவே மலைப்பாறை வந்து நிற்கிறது. மழை சொட்டும் சில்வர் ஓக் இலைகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். பனி என்று எழுதிவிட்டால் கூடுதல் டவர் கேட்பது யார்?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். டவர் கேட்டு நாங்கள் எழுதி வைத்திருக்கும் மனுவோடு இணைத்து அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
காப்பித் தோட்டக்காரர் ஒருவர்,
ஏற்காடு