கூச்சிங்கின் ஆற்றங்கரை மாளிகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறையில் மலேசியாவின் சரவாக் மாநிலத் தலைநகரான கூச்சிங் செல்லும் நம் குடும்பங்கள், பூனைச் சிலைகளோடு படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், சரவாக் ஆற்றின் வடகரையில் நிற்கும் அஸ்தானா மாளிகையின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1857இல் சீனச் சுரங்கத் தொழிலாளர்களின் கிளர்ச்சியில் சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயக் குடும்பத்தின் முதல் ‘வெள்ளை ராஜா’ ஜேம்ஸ் புரூக்கின் வீடு தீக்கிரையானது. அவருக்குப் பின் ஆட்சிக்கு வந்த சார்ல்ஸ் புரூக், தாம் மணந்த மார்கரெட்டுக்காக, செங்கல் தூண்கள் தாங்கும் மூன்று பங்களாக்களை இணைத்து 1870இல் அஸ்தானாவைக் கட்டினார். ஆறே நெடுஞ்சாலையாக இருந்த காலத்தில், அது ஆற்றை நோக்கி நிற்பது இயல்புதான். இன்று அது மாநில ஆளுநரின் இல்லம் என்பதால் வழக்கமாக உள்ளே செல்ல இயலாது. எனினும் எதிர்க்கரையிலிருந்து நன்றாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்