பொடி வேண்டாம் தாயி

அன்பு மகளுக்கு,

நீ சிங்கப்பூரிலிருந்து ஆள் கையில் கொடுத்தனுப்பிய மூலிகைப் பொடி வந்து சேர்ந்தது. பிரிக்கவில்லை, பிரிக்கப்போவதும் இல்லை. கோபப்படாதே. மதுரையில் டாக்டரிடம் காட்டினேன். எது எந்த மருந்தோடு மோதும் என்று தெரியாது, புற்றுநோய்க்கு ஏறுகிற கீமோ முடிகிற வரைக்கும் தொடாதீர்கள் என்றார்.

"அந்த ஊசிதான்ப்பா உங்களைக் கொல்லுது" என்று போனில் சொன்னாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நீ அழுவாய், உன் அம்மாவும் சேர்ந்துகொள்வாள்.

எனக்கு ஐந்து மருந்து. நாலு நரம்பு வழியாக ஏறும், ஐந்தாவது ஸ்டீராய்டு மாத்திரை. 21 நாளுக்கு ஒரு தடவை. மாத்திரை சாப்பிடுகிற ஐந்து நாளும் தூக்கம் வராது, பசி மட்டும் பேயாய் வரும். சிவப்பாக ஒன்று ஏறும், டாக்சோரூபிசின். முதல் தடவை சிறுநீர் சிவந்து போனதும் உன் அம்மா ரத்தம் என்று கத்தித் தெருவையே கூட்டிவிட்டாள். மருந்தின் நிறம்தான், ஓரிரு நாளில் தெளிந்துவிட்டது. அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால்தான் முதலிலேயே எக்கோ எடுத்தார்கள். வேகமாகப் பெருகுகிற செல்லையெல்லாம் இந்த மருந்துகள் அடிக்கும். கட்டியும் அப்படி, முடிவேரும் அப்படி. முடி போனதற்கு அவ்வளவுதான் காரணம். வளர்ந்துவிடும்.

எனக்கு நிஜமாகவே கஷ்டம் கொடுப்பது அந்த நாலில் இன்னொன்று, வின்கிறிஸ்டின். விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. வலை கட்ட உட்கார்ந்தால் நைலான் நூல் விரலில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்று தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் முடிச்சை இறுக்குகிறேன். இருட்டில், ஆடுகிற வள்ளத்தில் முடிச்சுப் போட்ட கை இது. டாக்டரிடம் சொன்னதும் அடுத்த தடவை அளவைக் குறைத்தார். சரியாக மாதக்கணக்கில் ஆகுமாம், கொஞ்சம் மிச்சம் நின்றாலும் நிற்குமாம். மலச்சிக்கலும் இதன் வேலைதான். அதை மகளிடம் விரித்து எழுத வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. நம் வீட்டுக்குப் பின்னால் மணலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கிறதே, அதேதான். இது தெரிந்ததிலிருந்து, இலையைக் கஷாயம் வைத்துக் குடி, மதுரைக்கு ஏன் அலைகிறாய் என்று இங்கே மண்டபம் ஊரில் ஆளுக்கு ஆள் வைத்தியம் சொல்கிறார்கள். 1950களில் கனடாவில் நோபிள், பீர் என்று இரண்டு பேர் இந்தச் செடிக்குச் சர்க்கரை இறங்குமா என்று எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்களாம். சர்க்கரை அசையவில்லை, ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளையணுதான் இறங்கியது. அதைப் பிடித்துத்தான் இந்த வகை மருந்துகள் வந்தன. டன் கணக்கில் இலை போட்டால் கிராம் கணக்கில் மருந்து. எனக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 2 மில்லிகிராம். கஷாயச் சட்டியில் எத்தனை இருக்கிறது என்று எவன் அளந்தான்? நஞ்சை அளந்து கொடுக்கிறவனிடம்தான் நான் போவேன்.

நீ பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு, காய்ச்சல். ஊசி போட்டு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை எனக்கும் அந்த எலி கதைதான், வெள்ளையணு தரைதட்டி நிற்கும். அப்போது 100.4 தாண்டினால் ராத்திரி என்றாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. வண்டிக்காரத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அதனால் டிக்கெட் போடும்போது ஊசி போட்ட பத்தாம் நாள் வாக்கில் வராதே. மூன்றாவது வாரத்தில் வா. பேரனுக்குச் சளி, இருமல் இருந்தால் தள்ளிப் போடு, நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். மூன்றாவது வாரம் என்றால் வாய்க்கசப்பும் குறைந்திருக்கும், நகரை மீன் வாங்கிக் குழம்பு வைக்கச் சொல்கிறேன். தேதி முடிவானதும் அம்மாவுக்குச் சொல், அவளுக்குத்தான் வீட்டை ஒழுங்குபண்ண நாள் வேண்டும்.

அன்புடன்,
அப்பா