நார்சிசம்: கேள்விப் பட்டியலை வைத்துக் கணவரை அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நார்சிசம் என்பது தன்னையே பெரிதாக எண்ணி மயங்கும் தன்மோகம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த ‘நார்சிசிஸ்ட்டுகள் ஏழு வகை’ கட்டுரையில் சொல்லப்பட்ட ஏழும் ஒரே வரிசையில் வைக்கத் தக்கவை அல்ல. சில, ஆய்வாளர்கள் கேள்வித்தாள் வைத்து அளந்து பார்த்த குணக்கூறுகள். ஒன்று, மனப்பகுப்பாய்வாளர்கள் சிகிச்சை அனுபவத்திலிருந்து வகுத்த கருத்து. மீதி, யூடியூபில் புழங்கும் பெயர்கள். இவற்றைப் பிரித்துக் காட்டாததோடு, பக்கத்திலேயே ‘உங்கள் கணவர் எந்த வகை?’ என்று பத்துக் கேள்விகளையும் மதிப்பெண்ணையும் போட்டிருந்தீர்கள். அந்தப் பெட்டிச் செய்திதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

ஆய்வில் உறுதியாக நிற்கும் வகைகள் இரண்டே. 1991-ல் பால் விங்க் என்ற உளவியலாளர், அதுவரை புழக்கத்தில் இருந்த ஆறு அளவுகோல்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அவை ஒன்றோடொன்று அதிகம் தொடர்பில்லாத இரண்டு கொத்துகளாகப் பிரிந்தன. முதலாவதைப் பகட்டு வகை என்றும், இரண்டாவதைப் புண்படும் வகை என்றும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பகட்டு வகையை எல்லோருக்கும் தெரியும். பேச்சில் ஆதிக்கம், பிறர் உழைப்பில் பெயர் வாங்குவது, விதிகள் தனக்கில்லை என்ற நினைப்பு. தெரியாதது, இவர்கள் முதல் சந்திப்பில் எவ்வளவு பிடித்துப்போவார்கள் என்பதுதான். உளவியலாளர் டெல்ராய் பால்ஹஸ் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிறு குழுக்களாக ஏழு முறை கூடிப் பேசினார்கள். முதல் கூட்டத்தில் நல்ல பெயர் எடுத்த தன்மோகிகளை ஏழாவது கூட்டத்துக்குள் குழுவினர் வெறுக்கத் தொடங்கியிருந்தார்கள். நேர்முகத் தேர்வும் பெண் பார்க்கும் சடங்கும் முதல் கூட்டத்தோடு முடிந்துவிடுகின்றன என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

கட்டுரை நான்கு வரியில் கடந்துபோன புண்படும் வகைக்குத்தான் அதிக இடம் தந்திருக்க வேண்டும். மருத்துவமனைக்குத் தானாக வருபவர்கள் பெரும்பாலும் இவர்களே. ‘தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை’ என்றுதான் வருவார்கள். அமைதியானவர், கூச்ச சுபாவம் என்று வீட்டார் சொல்வார்கள். கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். சமூகப் பதற்றம் உள்ளவர், ‘எதையாவது உளறி மானம் போய்விடுமோ’ என்று ஒதுங்கியிருப்பார். புண்படும் தன்மோகி, ‘என்னை ஏன் யாரும் எழுந்து வந்து வரவேற்கவில்லை’ என்று பொருமிக்கொண்டிருப்பார். மனச்சோர்வு உள்ளவர் பெரும்பாலும் தன்னையே குற்றம் சொல்வார். இவரோ தன் அருமை தெரியாத உலகத்தைக் குற்றம் சொல்வார், அடுத்தவர் உயர்வைக் கண்டு வெந்துகொண்டிருப்பார். (கல்யாணப் பத்திரிகையில் பெயர் விடுபட்டதற்குக் கோபித்துக்கொள்வது நம் ஊரில் யாருக்கும் நடக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

இங்கேதான் சிகிச்சையும் வழுக்குகிறது. தன்மோக ஆளுமைக் கோளாறை 1980-ல் தன் நோயறிதல் கையேட்டில் சேர்த்தது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம். அது தரும் 9 அறிகுறிகளில் குறைந்தது 5 இருக்க வேண்டும். ஆனால் அந்த ஒன்பதும் பெரும்பாலும் பகட்டின் பக்கமே சாய்ந்தவை. எனவே புண்படும் வகையினருக்கு ‘மனச்சோர்வு’ என்று மட்டும் சீட்டில் எழுதப்படுகிறது. மாத்திரையால் சோர்வு குறையலாம், மனக்கசப்பு அப்படியே இருக்கும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று அடுத்த மருத்துவரிடம் போவார்கள். ஆளுமைக் கோளாறுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. உளச்சிகிச்சைதான் வழி, அதற்கும் பல மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். சிகிச்சையாளர் அவசரப்பட்டு இரண்டாவது வாரமே குறையைச் சுட்டிக்காட்டினால், அவமானம் தாங்காமல் மூன்றாவது வாரம் ஆள் வரமாட்டார். பாதியில் நின்றுபோவதுதான் இதில் பெரிய தோல்வி.

இந்த வகைகள் ரத்த வகை போல மாறாதவையும் அல்ல. பதவியில் இருந்தபோது பகட்டாகத் திரிந்தவர், பதவி போனதும் புண்படும் வகையாக ஒடுங்குவது சாதாரணம். ‘எந்த வகை’ என்ற கேள்வியே ஒரு கட்டத்துக்கு மேல் பயன்படாது.

தொண்டு செய்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நம்பும் ‘பொதுநலத் தன்மோகம்’ 2012 முதல் அளக்கப்பட்டுவருகிறது. அதற்காகக் கோயில் டியூப்லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைக்கும் ‘உபயம்’ எழுத்துகளையெல்லாம் நோயாக்கிவிட முடியாது. கட்டுரை பயமுறுத்திய ‘கொடிய நார்சிசம்’, 1964-ல் மனப்பகுப்பாய்வாளர் எரிக் ஃப்ராம் தந்த பெயர். இன்னொரு மனப்பகுப்பாய்வாளரான ஓட்டோ கெர்ன்பெர்க் அதை விரித்து எழுதினார். தன்மோகத்தோடு சமூகவிரோதச் செயல், கூச்சமில்லாத வன்மம், எவரையும் சந்தேகிக்கும் மனம் ஆகியவையும் சேர்ந்த நிலை அது. எந்த அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலிலும் அது தனி நோயாக இல்லை.

கட்டுரையில் அறவே இல்லாத ஒன்று முக்கியமானது. தன்மோகக் கோளாறு இளமையின் தொடக்கத்திலேயே வேர்விட்டு, வீடு, வேலை, நட்பு என்று எல்லா இடத்திலும் தெரியும். நேற்றுவரை இயல்பாக இருந்தவர், திடீரென்று தூக்கம் தேவைப்படாமல், கோடிக்கணக்கில் திட்டம் போட்டுக்கொண்டு, பணத்தை வாரி இறைத்து ஒரு வாரமாக அலைந்தால், அது மேனியாவாக, அதாவது மனம் மிதமிஞ்சிப் பொங்கும் நோய்நிலையாக இருக்கலாம். அதற்கு நல்ல மருந்து உண்டு. அன்பாக இருந்த மனிதர் ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஈவிரக்கம் இல்லாதவராக, நாகரிகம் தெரியாதவராக மாறினால், மூளையின் முன்பகுதியைத் தாக்கும் மறதிநோய் இருக்கிறதா என்று நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவர்களுக்கு ‘நார்சிசிஸ்ட்’ பட்டம் கட்டினால் சிகிச்சைக்கான காலம்தான் போகும்.

இனி அந்தக் கேள்விப் பட்டியல். ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட அளவுகோலில் 40 இணை வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொரு இணையிலும் தனக்குப் பொருந்தும் ஒன்றை அந்த நபரே தேர்ந்தெடுக்க வேண்டும். இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் நோய் என்ற எல்லைக்கோடு அதில் கிடையாது. கணவர்மேல் கோபத்தில் இருக்கும் மனைவியோ, மனைவிமேல் கோபத்தில் இருக்கும் கணவரோ நிரப்பும் பத்துக் கேள்விகள், அந்தத் திருமணம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் காட்டுமே தவிர, எதிராளியின் மனதை அளக்காது. உலக சுகாதார நிறுவனமோ, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தன் 11-வது நோய்ப் பட்டியலில் ‘தன்மோகக் கோளாறு’ என்ற தனி வகையையே வைக்கவில்லை. ஆளுமைக் கோளாறு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்றுதான் அது முதலில் கேட்கிறது.

அடியும் வசையும் தாங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பெயர் தேவையும் இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இழிவுபடுத்துவதையும், மன உளைச்சல் தருவதையும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. செய்தவருக்கு என்ன நோய் என்று நிரூபிக்கச் சொல்லவில்லை. ‘அவர் ஒரு நார்சிசிஸ்ட்’ என்று மனுவில் பத்து முறை எழுதுவதைவிட, எந்தத் தேதியில் என்ன சொன்னார், என்ன செய்தார், யார் பார்த்தார் என்று எழுதிவைப்பது வழக்குக்கு உதவும்.

அந்தப் பெட்டிச் செய்தியை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இரண்டு எண்களைப் போடலாம்: பெண்கள் உதவிக்கு 181, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இப்படிக்கு,
மனநல மருத்துவர் ஒருவர்,
மதுரை