தனி மேஜை வேண்டாம், எங்கள் காயைத் தொடாமல் இருந்தால் போதும்

சேலத்தில் ஞாயிறுதோறும் கூடி போர்டு கேம் ஆடும் அண்ணன் தம்பிகளுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து பெண்களுக்குத் தனி மேஜை, அதில் சுலபமான ஆட்டங்கள் மட்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் இரண்டு வருடமாக அந்த மாடிப்படி ஏறி வருகிற ஒருத்தியாகக் கேட்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை, கூப்பிட்டாலும் வருவதில்லை என்கிறீர்கள். வந்தார்களே. எனக்குத் தெரிந்து 11 பேர் வந்தார்கள், அதில் மறுபடி வந்தது 3 பேர்தான். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டீர்களா?

நான் கூட்டிவந்த தோழியைச் சொல்கிறேன். கணக்கு டீச்சர். அன்றைக்குப் பாண்டெமிக் ஆடினோம், உலக ஊர்களில் பரவும் நோய்களை எல்லோரும் ஒரே அணியாகச் சேர்ந்து ஒழிக்கும் ஆட்டம். அவளுக்கு மருத்துவர் பாத்திரம் வந்தது. சென்னையில் நோயைக் குறிக்கும் மூன்று கறுப்புக் கட்டைகள், நாலாவது விழுந்தால் நோய் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பரவிவிடும். அவள் விதியைப் படித்து, அட்டைகளை எண்ணி, தன் ஆரஞ்சுக் காயைச் சென்னைக்கு நகர்த்தினாள். எதிரிலிருந்து ஒரு கை நீண்டது, "இல்லங்க, இங்க போனாதான் சரி" என்று அந்தக் காயைத் தூக்கி டெல்லியில் வைத்தது. அவள் விரல் இன்னும் சென்னை மேலேயே இருந்தது. ஆட்டத்தில் ஜெயித்தோம், எல்லோரும் கை தட்டினீர்கள். அவள் அதற்கப்புறம் வரவே இல்லை.

எங்கள் அம்மாயி வீட்டுத் திண்ணையில் தாயம் ஆடும்போது அடுத்தவர் காயைத் தொட்டால் கையில் ஒரு அடி விழும். எட்டு வயசுப் பிள்ளை தப்பாக நகர்த்தினாலும் அது அந்தப் பிள்ளையின் ஆட்டம். வெட்டு வாங்கினால்தான் கற்றுக்கொள்ளும் என்பாள் அம்மாயி, இரக்கமே இல்லாமல் வெட்டவும் செய்வாள். தாயம், பல்லாங்குழி, அஞ்சாங்கல் எல்லாம் நம் வீடுகளில் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்தவை. கணக்குப் போட்டு ஆடுவது எங்களுக்குப் புதுசில்லை.

போன மாதம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு கதாபாத்திரமாகி ஆடும் ஆட்டத்தின்போது என் வீராங்கனையின் வலிமையைப் பார்த்து, பொண்ணுக்கு இவ்வளவு எப்படி என்று ஒரு தம்பி கேட்டார். 1978 விதிப் புத்தகத்தில் அப்படி ஒரு வரம்பு நிஜமாகவே இருந்தது. மனிதப் பெண் பாத்திரத்துக்கு வலிமை எண் 18/50தான் உச்சம், ஆணுக்கு 18/00 வரை, அந்த 00 என்றால் நூறு. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள். நாம் ஆடும் 2014 பதிப்பிலோ, பாத்திரம் எந்தப் பாலாக இருந்தாலும் அதனால் கூடுதலோ குறைவோ இல்லை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். புத்தகம் விட்டுவிட்டதை மேஜையில் நாம் ஏன் பிடித்துவைத்திருக்கிறோம்?

அப்புறம், அந்தத் தனி மேஜைக்கு விங்ஸ்பேன் என்ற பறவை அட்டை ஆட்டம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், பறவைப் படம் அழகாக இருக்கிறது என்பதால். அதை வடிவமைத்தவர் எலிசபெத் ஹார்க்ரேவ் என்ற பெண். 2019-இல் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருது வாங்கிய ஆட்டம் அது, அந்த விருதே ஆடிப் பழகியவர்களுக்கான ஆட்டங்களுக்குத் தருவது. 170 பறவை அட்டைகளையும் அவற்றின் பலன்களையும் வைத்துக்கொண்டு முட்டைக்கும் தீனிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள், சுலபம் என்ற சொல் வாயில் வராது. அதைப் பொது மேஜையிலேயே போடுங்கள், நான் உட்காருகிறேன்.

உண்மையில் வேண்டியது வேறு. மாடிக் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இரண்டு வருடமாகச் சொல்கிறேன். ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிக்கிறீர்கள், ஏற்காட்டிலிருந்து வருகிற பெண் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டாமா? இரண்டு மணிக்குத் தொடங்கலாம். விதிகளைத் தமிழில் சொல்லலாம், நமக்குள் எல்லோரும் தமிழ்தானே பேசுகிறோம். செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் அந்தத் தம்பி இங்கிலீஷ் விளக்கத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனவன்தான், அவனும் திரும்பி வரவில்லை.

வருகிற ஞாயிறு மதியமே வந்துவிடுகிறேன். தாழ்ப்பாள் நானே வாங்கி வருகிறேன், திருப்புளி வைத்திருப்பவர் யாராவது கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள். டீச்சரிடமும் பேசியிருக்கிறேன். அவள் கேட்டது ஒன்றுதான், அந்த மருத்துவரை மறுபடி எனக்கே தருவார்களா என்று.