தலைவலிக்கு ஒரு நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அக்காவுக்குப் பத்து வருடமாகத் தலைவலி. சில நாள் நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல இருக்கும். அதோடு வேலை பார்த்துவிடுவார். சில நாள் ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று தெறிக்கும், குமட்டும், ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்துவிடுவார். முன்னது இறுக்கத் தலைவலி, பின்னது ஒற்றைத் தலைவலி. இரண்டும் ஒரே ஆளுக்கு வரும் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. பிடரி வலியில் தொடங்கியதால் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றே வருடக்கணக்கில் வைத்தியம் நடந்தது. ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து வலிப்பது சகஜமாம்.

அப்புறம் மாத்திரை. மெடிக்கல் கடையில் தானாகவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கும் கூடுதலாக எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியை அடிக்கடி வரவைத்துவிடலாம். பல மருந்து கலந்த மாத்திரை என்றால் 10 நாளே அதிகம்.

நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது ஸ்கேன் அல்ல, ஒரு நோட்டு. எந்த நாள், எத்தனை மணி நேரம், நடந்தால் வலி கூடுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா, தூக்கம், மாதவிலக்கு, போட்ட மாத்திரை என்று எழுதச் சொன்னார். இரண்டு மாதத்தில் எது எந்த வலி என்று அக்காவுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்துவிட்டது.

திடீரென்று தாங்கமுடியாத வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம் என்றால் நோட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இந்த நோட்டில் எழுத வேண்டியவற்றைக் கட்டம் போட்டு உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒருமுறை அச்சிட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
வாசகி, மதுரை