ஐப்பசிக்குள் 407 ஓடணும்

கொடுங்கையூர்,
ஆவணிக் கடைசி.

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி விட்டு விட்டு வருகிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். ஓசூர் போனபிறகு ஸ்வெட்டர் இல்லாமல் உனக்குத் தூக்கம் வருவதில்லையாமே, பாய் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நம்ம டாடா 407 லாரியை உடைக்கிற விலைக்குக் கேட்டு ஆள் வந்தது. கொடுக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். அண்ணாச்சி அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. "சும்மா இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது" என்கிறார். நிற்கிற வண்டி இல்லை மச்சான் அது. முன்பக்க ஸ்பிரிங்கில் மெயின் பட்டை மாற்றியாயிற்று. பின் அச்சில் பல்சக்கரம் ஓடுகிற கிரவுன் ஆயிலைத் திறந்தால் பால் காபி மாதிரி வந்தது, பழைய வெள்ளத் தண்ணீர். கழுவிப் புது ஆயில் விட்டு, அதன் காற்றுப் போகிற மூச்சுக்குழாயையும் மேலே தூக்கி வைத்துவிட்டேன். பாடித் தளத்தில் பேட்ச் வெல்டிங் பாதியில் நிற்கிறது.

நிற்கக் காரணம் இந்த மழைதான். பகலில் மண்டையைப் பிளக்கிற வெயில். சாயங்காலம் கடல்காற்று உள்ளே வந்து மேற்குக் காற்றோடு முட்டினால் போதும், மாதவரம் பக்கம் கறுத்துக் கொட்டித் தீர்த்துவிடும். உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்த தகடு மறுநாள் காலையில் சிவப்பாய்ப் பூத்திருக்கும். மறுபடி தேய்க்கணும். ஈரக்காற்றில் பெயிண்ட் அடித்தால் வெளுத்துப் போகும், அதற்கும் வழியில்லை.

மழை பெய்தால் புல் வளராமல் இருக்குமா? பள்ளிக்கூடம், மணலி கம்பெனித் தோட்டம் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் புல்வெட்டுகிற மோவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இந்த வருஷம் பெரும்பாலும் ஒரே நோய். ஸ்டார்ட் ஆகும், உடனே அணைந்துவிடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றில் இருக்கிற ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். மழைத் தண்ணீரும் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும், கார்புரேட்டருக்கு முதலில் போவதும் அதுதான். கிண்ணத்தைக் கழற்றிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினேன். மேலே ஒரு நிறம், அடியில் ஒரு நிறம், நடுவில் கோடு. தோட்டக்காரர் அசந்துபோய்விட்டார். பெட்ரோல் போகிற சின்னத் துவாரம் இருக்கிற ஜெட்டை ஒற்றைச் செம்புக் கம்பியால்தான் குத்துகிறேன், இரும்புக் கம்பி பட்டால் பித்தளைத் துவாரம் அகன்றுவிடும். ஓரங்கட்டுவதற்கு முன் பெட்ரோல் குழாயை மூடி, தானாக அணைகிறவரை ஓடவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

இந்த வேலைதான் வீட்டுச் சாப்பாடு, தள்ள முடியாது. ஆனாலும் 407 மேல்தான் மனசு கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் தெருவில் வேறு எந்த வண்டி நகர்ந்தது சொல்? ஆட்டோவெல்லாம் மிதந்தது. நீ ஓட்டினாய், நான் கம்போடு முன்னால் நடந்து பள்ளம் பார்த்தேன். எதிர்வீட்டுப் பாட்டியை நாற்காலியோடு பின்னால் ஏற்றியது ஞாபகம் இருக்கிறதா? பால் பாக்கெட், குடிதண்ணீர்க் கேன் எல்லாம் அதில்தானே வந்தது. எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து வீட்டுச் சுவரில் கறுப்பாய் ஒட்டியதைப் பார்த்துவிட்டு நீ ராத்திரி சாப்பிடவே இல்லை. அடுத்த தடவை யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று உட்கார்ந்திருக்க எனக்கு மனசு வரவில்லை.

அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்குள் எஃப்சி, அதுதான் வண்டியின் தகுதிச் சான்று, முடிக்கணும். பழைய வண்டி, வருஷா வருஷம் காட்டித்தான் ஆகணும். புயல் என்று சொன்னதும் மூலக்கடை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிடலாம், தேவைப்பட்டால் இறக்கிக்கொள்ளலாம் என்பது என் கணக்கு.

கொல்லையிலும் வேலை கிடக்கிறது. முருங்கையைக் கழித்துவிட்டேன், காற்றுக்கு முதலில் முறிவது அதுதான். பழைய டயர்களில் தண்ணீர் தேங்கிக் கொசுப்புழு நெளிந்தது. எல்லாவற்றிலும் ஓட்டை போட்டாயிற்று. சாக்கடை வாய் மட்டும் பாக்கி.

வெல்டிங்கில் உன் கை எனக்கு வராது. மெல்லிய தகட்டில் நான் வைத்தால் ஓட்டை விழுகிறது. ஆயுத பூஜை லீவுக்கு வருகிறாய் அல்லவா, இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பு. தார்ப்பாய்ப் பந்தல் கட்டி வைக்கிறேன், மழை வந்தாலும் வேலை நிற்காது. மெல்லிய ராடு அங்கே நல்லதாகக் கிடைத்தால் ஒரு பாக்கெட் வாங்கி வா. அண்ணாச்சிக்கும் நீயே போன் போட்டுப் பேசு, நீ சொன்னால் கேட்பார்.

உன்,
மச்சான்