விசா வரும்வரை காத்திருந்தால் நாய் இங்கேயே நின்றுவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொளத்தூர், பெரம்பூர், ராயபுரம், திருவொற்றியூர் என்று வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் வேலை நிமித்தம் குடும்பத்தோடு வெளிநாடு செல்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவதும் வீட்டைக் காலி செய்வதும் முன்கூட்டியே நடக்கின்றன. நாயைப் பற்றிய பேச்சு மட்டும் விசா கைக்கு வந்த பிறகுதான் எழுகிறது. அப்போது தொடங்கினால் பெரும்பாலும் உடன் அழைத்துப்போக முடியாது. தாத்தா பாட்டியிடம் விட்டுப் போகிறார்கள். அவர்களுக்கும் முடியாமல் போனால் அது தெருவுக்கு வருகிறது. வீட்டுக்குள் வளர்ந்த நாயால் தெருவில் பிழைக்க முடியாது.

ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) விஷயத்தில் எளிய விதிகளோடு நாயை ஏற்கும் நாடுகளின் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் இந்தியாவைச் சேர்க்கவில்லை. ஆகவே இங்கிருந்து போகும் நாய்க்கு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதாவது தோலுக்கடியில் பொருத்தும், 15 இலக்க எண் கொண்ட ஐ.எஸ்.ஓ. தர அடையாளச் சில்லு. அதற்குப் பிறகு, அல்லது அதே நாளில் சிப் பொருத்திய கையோடு, ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்ட நாளிலிருந்து குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்குச் சீரமாகப் பிரித்துக் குளிர்பதத்தில் அனுப்ப வேண்டும். மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு. (சர்வதேச அலகு) அல்லது அதற்கு மேல் எதிர்ப்புச் சக்தி இருந்தால் தேர்ச்சி. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் கழிந்த பிறகே அந்த நாடுகளுக்குள் நுழையலாம். ஏப்ரல் 5-ஆம் தேதி சிப்பும் ஊசியும் போட்டால், மே 5 வாக்கில் ரத்தம், ஆகஸ்ட் 5-க்குப் பிறகு பயணம். ஜூலையில் விசா வந்து அதன்பின் சிப் பொருத்தினால் நாய் போய்ச் சேர நவம்பர் ஆகிவிடும். பிரிட்டனில் பள்ளி திறப்பதோ செப்டம்பர் தொடக்கத்தில்.

இதில் அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வருடம் தவறாமல் ஊசி போட்டிருப்பார்கள், சிப் இருக்காது. சிப்புக்கு முந்தைய ஊசி எந்த நாயின் உடம்பில் போனது என்று நிரூபிக்க வழியில்லாததால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். சிப் பொருத்தி மறுபடி ஊசி போட்டு, மறுபடி 30 நாள். அடுத்தது பூஸ்டர், அதாவது முந்தைய ஊசியின் காலம் முடியும் முன் மறுபடி போடும் ஊசி. முந்தைய ஊசியின் காலம் முடிந்து ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் அது முதல் ஊசியாகவே கருதப்படும். ரத்தப் பரிசோதனையும் செல்லாது. தவறாமல் பூஸ்டர் போட்டுவந்தால், ஐரோப்பிய விதிப்படி அந்த ஒரு பரிசோதனை முடிவு நாயின் ஆயுள் முழுக்கச் செல்லும். அதனால் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் வந்த அன்றே இதைச் செய்து வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

தடுப்பூசிப் புத்தகத்தில் உரிமையாளர் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர் இனிஷியல் இங்கே பெரிய தொல்லை. புத்தகத்தில் ஓர் எழுத்தும், கடவுச்சீட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருந்தால் இரண்டும் ஒருவர்தானா என்ற கேள்வி வரும். ஊசியின் தொகுப்பு எண், காலாவதித் தேதி, சிப் எண், சிப் பொருத்திய தேதி ஆகிய நான்கும் மருத்துவர் கையெழுத்து, முத்திரையோடு வேண்டும்.

பயணத்துக்கு முன் மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தில் சுகாதாரச் சான்று வாங்க வேண்டும். சென்னையில் அது பள்ளிக்கரணையில் இருக்கிறது. திருவொற்றியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் வேலை. ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் சான்று கொடுத்த 10 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால், தொடர் விடுமுறைகளைப் பார்த்துத் தேதி குறியுங்கள். பிரிட்டனுக்குக் கூடுதலாக, அங்கே இறங்குவதற்கு 24 முதல் 120 மணி நேரத்துக்கு முன் நாடாப்புழு மாத்திரை கொடுத்து, மருத்துவர் அந்த நேரத்தைப் பதிய வேண்டும். அங்கே விமானத்தில் நாய் கார்கோவாகத்தான் இறங்க முடியும். நீங்கள் அதற்கு ஐந்து நாள் முன்பின்னுக்குள் பயணம் செய்தாக வேண்டும்.

அமெரிக்காவின் விதி 2024 ஆகஸ்ட் 1 முதல் மாறிவிட்டது. நாய்க்கு ஆறு மாத வயதாவது ஆகியிருக்க வேண்டும். ரேபிஸ் அபாயம் அதிகமுள்ள நாடுகளில் இந்தியாவும் இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய் பதிவு பெற்ற பராமரிப்பு மையம் உள்ள விமான நிலையத்தில்தான் இறங்கலாம், அதுவும் முன்பதிவோடு. ரத்தப் பரிசோதனை முடிவு இல்லாவிட்டால் 28 நாள் தனிமைப்படுத்துவார்கள், செலவு உங்களுடையது. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டுபோகவே முடியாது. சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்தான், அதுவும் அனுமதித்த வகைக்குள் இருக்க வேண்டும். லாப்ரடாருக்கு இடமில்லை. ஜெர்மனிக்குள் பிட்புல் வகைகளுக்கும் புல் டெரியருக்கும் தடை. இவற்றை வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பார்த்துவிட வேண்டும். பிள்ளைகளுக்குக் கடைசி வாரத்தில் சொல்லும் செய்தியாக இது இருக்கக் கூடாது.

கூண்டு விஷயத்தில் கடைக்காரர் சொல்லும் அளவை நம்ப வேண்டாம். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, தரையிலிருந்து முன்கால் முழங்கை வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். 90 செ.மீ. நாய்க்கு முழங்கை உயரம் 30 என்றால் 105 செ.மீ. அகலம், தோள் அகலத்தைப் போல இரு மடங்கு. நிற்கும்போது தலை அல்லது காது நுனி, எது உயரமோ அதோடு விரிப்பின் தடிமனையும் சேர்த்தால் உயரம். பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பதில் இரும்பு போல்ட் நட்டு போடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கதவைத் திறக்காமலே நிரப்ப முடிய வேண்டும். ராஜபாளையம் போன்ற உயரமான நாய்க்கு வேண்டிய கூண்டு சிறிய விமானங்களின் சரக்குக் கதவில் நுழையாது. டிக்கெட் எடுக்கும் முன் கேளுங்கள். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு வெப்பத்தில் மூச்சுத் திணறும் என்பதால் பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதில்லை. தூக்க மருந்து எந்த நாய்க்கும் கொடுக்கக் கூடாது. ரத்த அழுத்தம் இறங்கி வழியிலேயே உயிர் போகலாம். இரண்டு மாதம் முன்பே கூண்டை வீட்டில் வைத்து, தினமும் அதற்குள்ளேயே சாப்பாடு வைத்தால் நாய் தானே போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம்.

பிள்ளைகளுக்கும் இதே போலத் தேதிக் கணக்கு உண்டு. வளைகுடா நாடுகளின் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஏப்ரலில் வகுப்பு தொடங்கும். ஒன்பதிலும் பதினொன்றிலும் தேர்வுக்குப் பதிவு செய்துவிடுவதால், பத்து அல்லது பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில் மாற்றுவது கடினம். தூதரகம் போகாமல் ஒரே முத்திரையோடு சான்றிதழ்களை ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. சான்றிதழ்களுக்கு அந்நாட்டுத் தூதரக முத்திரையும் தேவை. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பெயர் சேர்க்காமலே விட்ட சான்றிதழ்கள் ஏராளம்.

தடுப்பூசி அட்டையிலும் ஒரு சிக்கல். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் தட்டம்மை-ரூபெல்லா முதல் ஊசியை ஒன்பது மாதம் முடிந்ததும் போடுகிறார்கள். நம் ஊருக்கு அதுதான் சரி. ஆனால் அமெரிக்கப் பள்ளிகள் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பொன்னுக்குவீங்கி ஊசியும் நம் அரசு அட்டவணையில் கிடையாது. விடுபட்டதை இங்கேயே போட்டுவிட்டால் பள்ளி வாசலில் நிற்க வேண்டாம். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்ட பிள்ளைக்குக் காசநோய்த் தோல் பரிசோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டலாம் என்பதால், ஐ.ஜி.ஆர்.ஏ. ரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். நாய் உரிமத்தோடு மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கியது நல்ல காரியம். திரு.வி.க. நகர், புளியந்தோப்பு சிகிச்சை மையங்களில் முதலில் சிப்பும் பிறகு ஊசியும் என்ற வரிசையைப் பின்பற்றி, 15 இலக்க எண்ணையும் தேதியையும் அதே புத்தகத்தில் எழுதி முத்திரையிட்டுக் கொடுக்க உத்தரவிட வேண்டும். மாதவரம் பால்பண்ணையில் கால்நடைப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ரத்தம் எடுத்துச் சீரம் பிரித்து அனுப்புவதற்கு வாரத்தில் ஒரு நாளை அங்கே ஒதுக்கினால், எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் நாயைத் தூக்கிக்கொண்டு நகரின் தெற்கு முனைக்கு ஓடுவது ஒரு தடவையோடு முடியும்.

இப்படிக்கு,
வாசகர்,
பெரம்பூர், சென்னை - 11